கோடும் நிழலும்: மலையிலிருந்து வந்த கேள்விகள்

பென்சில் ஓவியம் பழகத் தொடங்கியவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்தவற்றில் நீலகிரி, கொடைக்கானல் வாசகர்களின் கடிதங்களைத் தனியே எடுத்து வைத்தோம். சமவெளியை மனத்தில் வைத்து எழுதிய பாடங்கள் அவர்களைப் பாதி வழியில் கைவிட்டுவிடுகின்றன. மலையில் தாள் ஈரம் குடிக்கிறது, தெரு ஏறி இறங்குகிறது, எதிர்மலை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காணாமல் போகிறது. அதனால் இந்த இதழின் பதில்கள் முழுவதும் மலைவாசகர்களுக்கே.

வயது 46. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. பள்ளியோடு நின்றுபோன ஓவியத்தை மறுபடி தொடங்க ஆசை. கடையில் பன்னிரண்டு பென்சில் உள்ள பெட்டியை எடுத்துக் காட்டுகிறார்கள். அது அவசியமா?
வாசகர், மஞ்சூர்

அவசியமில்லை. எச்பி, 2பி, 6பி என்று மூன்று பென்சில் போதும். பென்சிலின் உள்ளே இருப்பது கிராஃபைட் தூளும் களிமண்ணும் கலந்து சுட்ட குச்சி. இந்தக் கலவை முறைக்கு 1795-ல் பிரான்சில் நிக்கோலா ஜாக் கோன்டே காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் குச்சி கெட்டியாகி வெளிறிய கோடு தரும், அது எச் வகை. களிமண் குறைந்தால் மென்மையாகி நல்ல கறுப்பு தரும், அது பி வகை. எச்பி இரண்டுக்கும் நடுவே. இடையில் உள்ள அத்தனை சாயலையும், அதாவது வெளுப்பு முதல் கறுப்பு வரையிலான அடர்த்தியையும், கையின் அழுத்தத்தாலேயே கொண்டுவரலாம். தொடக்கத்தில் பழக வேண்டியதே அந்த அழுத்தம்தான். பன்னிரண்டு பென்சில் கையில் இருந்தால் வேலையைப் பென்சிலிடம் விட்டுவிடுவீர்கள்.

ஷார்ப்னர் வேண்டாம், பிளேடால் சீவுங்கள். மரச் சரிவு இரண்டு சென்டிமீட்டர், வெளியே நீட்டும் கரி ஒரு சென்டிமீட்டர் இருக்கட்டும். 6பி மென்மையானது என்பதால் அதற்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் நீட்டினால் ஒடியும். கரி நீளமாக இருந்தால் முனையால் கோடும், பக்கவாட்டால் நிழலும் போடலாம். ஷார்ப்னர் தரும் குட்டை முனையில் பக்கவாட்டே கிடையாது. பென்சிலைக் கீழே போடாதீர்கள். மரம் முழுதாக இருந்தாலும் உள்ளே குச்சி துண்டு துண்டாகிவிடும், அப்புறம் சீவச் சீவ முனை கழன்று விழும்.

பழகுவதற்கு ஜெராக்ஸ் தாள், அதாவது 75 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு), ஒரு கட்டு. பாதுகாக்க நினைக்கும் படத்துக்கு 130 முதல் 150 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் தாள், அதாவது தடித்த ஓவியத் தாள். சார்ட் பேப்பரின் வழவழப்பில் கிராஃபைட் பிடிக்காமல் வழுக்கும், அதைத் தவிருங்கள். தாளைப் பரீட்சை அட்டையில் கிளிப் போட்டு, அட்டையின் அடியை மடியிலும் மேல்பாதியை மேசை விளிம்பிலும் சாய்த்துக்கொள்ளுங்கள். மேசைமேல் மட்டமாக வைத்து வரைந்தால் தாளின் மேல்பகுதி கண்ணுக்குச் சுருங்கித் தெரியும். அதை ஈடுகட்டக் கை தானாக நீட்டி வரையும். முடித்துவிட்டு நிமிர்த்திப் பார்த்தால் படத்தில் உள்ள ஆளின் தலை நீண்டிருக்கும்.

முதல் இரண்டு வாரம் தினமும் இருபது நிமிடம் இதைச் செய்யுங்கள். இருபது சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளி வைத்து, மணிக்கட்டை அசைக்காமல், தோளிலிருந்து கையை இழுத்து ஒரே கோட்டில் சேர்க்க வேண்டும். ஒரு தாளுக்கு முப்பது கோடு. கண் பென்சில் முனையைப் பார்க்கக் கூடாது, போய்ச் சேரவேண்டிய புள்ளியைப் பார்க்க வேண்டும். ஸ்கூட்டர் ஓட்டுகிறவர் முன்சக்கரத்தையா பார்க்கிறார்?

டம்ளர், சொம்பு எதை வரைந்தாலும் கோணலாக வருகிறது. வாய் ஒரு பக்கம், அடி ஒரு பக்கம்.
வாசகி, அருவங்காடு

முதலில் நட்டநடுவே ஒரு செங்குத்துக் கோடு. வாயின் நீள்வட்டத்தையும் அடியின் நீள்வட்டத்தையும் அந்தக் கோட்டுக்குச் சரியாகக் குறுக்கே, இருபுறமும் சம அளவாக அமையுங்கள். அடியைக் கண்ணுக்குத் தெரியும் பாதியோடு நிறுத்தாமல், மறைந்த பாதியையும் சேர்த்து முழு நீள்வட்டமாகப் போட்டுவிட்டுப் பிறகு அழியுங்கள். கோணல் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

மேசைமேல் இருக்கும் டம்ளர் கண்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஆகவே வாயைவிட அடி கொஞ்சம் அதிகமாக உருண்டு தெரியும். தொடக்கக்காரர்கள் அடியை நேர்கோடாகப் போட்டுவிடுவார்கள், ஏனென்றால் டம்ளர் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்று மனத்துக்குத் தெரியும். நீள்வட்டத்தின் இரு முனைகளையும் வாழைப்பழ நுனி மாதிரி கூராக்காதீர்கள். எவ்வளவு ஒடுங்கினாலும் அங்கே ஒரு வளைவு இருக்கும்.

அளவுக்கு: கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியை டம்ளர் வாயின் இடது ஓரத்திலும் கட்டைவிரல் நகத்தை வலது ஓரத்திலும் வையுங்கள். அந்த அகலம் உயரத்தில் எத்தனை தடவை அடங்குகிறது என்று பென்சிலை நிமிர்த்தி எண்ணுங்கள். முழங்கை ஒருமுறை மடங்கினாலும் கணக்கு பொய். கடைசியாகப் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது ஒளிந்திருந்த கோணல் உடனே தெரியும்.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் தாள் துவண்டுவிடுகிறது. பென்சில் கீறுகிறது, ரப்பர் போட்டால் நார் கிளம்புகிறது. போன வருடப் படங்களில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. என்ன செய்வது?
வாசகி, குன்னூர்

தாள் என்பது மரநார். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து நார் பருத்துவிடும். பருத்த நார் மெத்தை மாதிரி இளகியிருக்கும், அதன்மேல் எச் அல்லது எச்பி முனை உழுதுகொண்டு போகும். அப்படிப் பள்ளமான கோட்டை எந்த ரப்பராலும் எடுக்க முடியாது, பிறகு அதன்மேல் நிழல் போட்டால் வெள்ளைக் கீறலாகத் தெரியும். மழை மாதங்களில் எச்பியை ஒதுக்கிவிட்டு 2பியால் மிக லேசாக அளவெடுங்கள். தாளும் 150 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் இருக்கட்டும். அட்டையில் மேலே மட்டும் கிளிப் போடாமல் நான்கு மூலையிலும் போடுங்கள். நார் நீளவாக்கைவிடக் குறுக்குவாக்கில்தான் அதிகம் பருக்கும். தாள் அலை அலையாக நெளிவது அதனால்தான்.

அழிப்பதற்கு, தேய்க்கும் ரப்பரை விட்டுவிட்டு, மாவு மாதிரிப் பிசையக்கூடிய நீடட் ரப்பர் வாங்குங்கள். அதை ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. கறுத்த பக்கத்தை உள்ளே மடித்துப் பிசைந்தால் மறுபடி சுத்தமான பக்கம் வரும். குளிரில் இறுகிவிடும், வேலைக்கு முன் இரண்டு நிமிடம் உள்ளங்கையில் வைத்துப் பிசையுங்கள்.

பழுப்புப் புள்ளிகளுக்கு ஈரமும் பூஞ்சையும் தாளில் உள்ள துருத் துகள்களும் காரணம். வந்தபின் வீட்டில் போக்க வழியில்லை, பரவாமல் தடுக்கத்தான் முடியும். படங்களை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள், அந்தச் சுவர்தான் வியர்க்கும். பாலித்தீன் உறையில் போட்டு ஒட்டுவது இன்னும் மோசம், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியே இல்லாமல் போகும். இறுக்கமான மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா, படங்களுக்கு இடையே பட்டர் பேப்பர், மூலையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், இவை போதும். நிறம் மாறும் வகை சிலிக்கா ஜெல் வாங்கினால் எப்போது ஈரம் நிறைந்தது என்று தெரியும். அதில் ஆரஞ்சு வகையைக் கேளுங்கள், நீல வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது நல்லதல்ல. டப்பாவை மூடும் நாள் முக்கியம். சாரல் அடிக்கும்போது மூடினால் சாரலையும் சேர்த்துப் பூட்டியதாகும். ஜனவரியில் காற்று உலர்ந்திருக்கும் பகலில் படங்களை நிழலில் ஒரு மணி நேரம் பரப்பிவிட்டு அடுக்குங்கள்.

இன்னொன்று: படம் கலையாமலிருக்க அடிக்கும் ஃபிக்சேட்டிவ் ஸ்பிரேயை மூட்டமான நாளில் அடிக்காதீர்கள். அதில் உள்ள ஆல்கஹால் வேகமாக ஆவியாகும்போது தாளின் மேல்பரப்பு குளிரும், காற்றின் ஈரம் அங்கே படிந்து வெண்படலமாகிவிடும், நல்ல கறுப்பெல்லாம் சாம்பல் பூத்துவிடும். உலர்ந்த நாளில், முப்பது சென்டிமீட்டர் தள்ளி நின்று, லேசாக இரண்டு தடவை, நடுவே பத்து நிமிடம் விட்டு அடிப்பதே முறை. அது தீப்பிடிக்கும் பொருள். அறையில் ஹீட்டரோ கணப்போ எரிகிறது என்றால் தொடவே தொடாதீர்கள்.

வட்டக்கானல் இறக்கத்தில் உள்ள வீடுகளை வரைகிறேன். பெர்ஸ்பெக்டிவ் (தூரம் போகப் போகச் சிறுத்துத் தெரிவதைக் காட்டும் முறை) விதிப்படி போட்டும் எல்லா வீடும் சரிந்து விழுவதுபோல இருக்கிறது.
கல்லூரி மாணவி, கொடைக்கானல்

மலையில் வரைகிற எல்லோருக்கும் வரும் சிக்கல் இது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் தவறு, எதிரே உள்ள மலை முகட்டைத் தொடுவானக் கோடாக எடுத்துக்கொள்வது. தொடுவானக் கோடு என்பது உங்கள் கண்மட்டம், மலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்து முகத்துக்கு நேரே பிடியுங்கள். தண்ணீரின் மேல்பரப்பு வட்டமாகத் தெரிந்தால் டம்ளர் தாழ்ந்திருக்கிறது, உயர்த்துங்கள். வட்டம் ஒடுங்கி ஒரே கோடாகும் இடம்தான் கண்மட்டம். அந்தக் கோட்டின் நேரே எதிரில் எந்த ஜன்னல், எந்த மரக்கிளை வருகிறது என்று குறித்துக்கொண்டு தாளில் ஒரு மெல்லிய கோடு இழுங்கள்.

இரண்டாவது, நிலம் சரிந்தாலும் வீடு சரிவதில்லை. கொத்தனார் ரசமட்டம் வைத்துத்தான் கட்டியிருக்கிறார். ஜன்னலின் மேல்விளிம்பு, கதவு நிலை, கூரை இறவாணம் எல்லாம் மட்டமானவை. ஆகவே அவை ஓடிச் சேரும் மறையும் புள்ளி கண்மட்டக் கோட்டிலேயே இருக்கும். சாலை மட்டும் அங்கே போகாது. உங்களிடமிருந்து இறங்கிப் போகும் சாலையின் ஓரங்கள் கண்மட்டத்துக்குக் கீழே ஒரு புள்ளியிலும், ஏறிப் போகும் சாலையின் ஓரங்கள் மேலே ஒரு புள்ளியிலும் சேரும். சாலையும் வீட்டுச் சுவரும் ஒரே திசையில் ஓடினால் இந்தப் புள்ளி வீட்டின் மறையும் புள்ளிக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ செங்குத்தாக அமையும். உங்கள் படத்தில் சாலைக்கும் வீட்டுக்கும் ஒரே புள்ளியை வைத்திருப்பீர்கள். அதனால் வீடு சாலையோடு சேர்ந்து சறுக்குகிறது.

மூன்றாவது, சுவர்கள். சரிந்த நிலத்தைப் பார்த்துப் பார்த்துக் கை பழகி, சுவரையும் நிலத்துக்குச் செங்குத்தாகச் சாய்த்துவிடும். தாளின் ஓரத்துக்கு இணையாகவே சுவர் நிற்க வேண்டும், சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். மலைவீட்டில் சரிவு தெரிகிற இடம் அஸ்திவாரம் ஒன்றுதான். ஒரு மூலையில் கருங்கல் கட்டு ஓரடி, மறு மூலையில் ஆறடி. அந்த ஆப்பு வடிவக் கல்கட்டை ஒழுங்காக வரைந்தாலே வீடு மண்ணில் அழுந்தி உட்காரும்.

படிக்கட்டு வரும்போது ஒவ்வொரு படியாகத் தொடங்காதீர்கள். எல்லாப் படிகளின் மூக்கையும் தொட்டுப் போகும் இரண்டு சாய்கோடுகளை முதலில் போடுங்கள், அவை சாலையைப் போலவே மேலேயோ கீழேயோ ஒரு புள்ளிக்குப் போகும். படிகளை அந்த இரு கோடுகளுக்குள் அடக்குங்கள்.

பூம்பாறை மாதிரி ஒரு கிராமத்தை மேலே சாலையில் நின்று பார்த்தால் கண்மட்டம் கூரைகளுக்கெல்லாம் மேலே, சில சமயம் தாளுக்கே வெளியே போய்விடும். அப்போது எல்லாக் கூரைகளின் மேல்முகமும் தெரியும், மட்டக் கோடுகள் எல்லாம் தூரம் போகப் போக மேல்நோக்கி ஏறும். அட்டையில் இன்னொரு தாளை மேலே ஒட்டிக் கண்மட்டத்தை அங்கே குறித்துக்கொள்வது நல்லது.

ஏழு வயது மகள் எப்போதும் இரண்டு முக்கோண மலை, நடுவே சூரியன், கீழே ஆறு என்றே வரைகிறாள். ஜன்னலைத் திறந்தால் நிஜ மலை நிற்கிறது. திருத்தலாமா?
ஒரு தாய், கேத்தி

திருத்த வேண்டாம். அந்த வயதில் குழந்தை தான் அறிந்ததை வரைகிறது, கண்டதை அல்ல. ஒன்பது, பத்து வயதில் தன் படம் நிஜம் மாதிரி இல்லை என்று அவளே வருத்தப்படுவாள். அப்போது ஜன்னல் கண்ணாடிமுன் நிறுத்தி, ஒரு கண்ணை மூடச் சொல்லி, ஒயிட்போர்டு மார்க்கரால் வெளியே தெரிவதைக் கண்ணாடியிலேயே கோடிழுக்கச் சொல்லுங்கள். தலை அசையாமல் இருக்க வேண்டும். பெரியவர்களும் ஒருமுறை இதைச் செய்து பார்க்கலாம்.

கோடநாடு காட்சிமுனையில் அடுக்கடுக்காகத் தெரியும் மலைகளை வரைந்தால் எல்லாம் ஒரே மலையாக ஒட்டிக்கொள்கின்றன. மூட்டத்தை எப்படிக் காட்டுவது?
வாசகர், கோத்தகிரி

கோட்டால் காட்ட முடியாது, சாயலால்தான் முடியும். ஒரு தாளில் ஐந்து கட்டம் போட்டு, முதல் கட்டத்தை வெள்ளையாக விட்டு, ஐந்தாவதை 6பியால் முழுக் கறுப்பாக்கி, நடுவில் மூன்றைச் சம இடைவெளியில் கொண்டுவாருங்கள். இது நான்கைந்து தடவை செய்தால்தான் சரியாக வரும். அந்தத் துண்டை வெட்டி எடுத்து, ஒரு கண்ணை மூடி, ஒவ்வொரு முகட்டுக்கும் நேரே பிடித்து எந்த எண் பொருந்துகிறது என்று பாருங்கள். கிட்டத்து மலை ஐந்து அல்லது நான்கு என்றால் கடைசி முகடு வானத்தைவிட ஒரு சாயல்தான் கூடியிருக்கும். தொடக்கக்காரர் எல்லா மலைக்கும் மூன்று போடுவார். அவை ஒட்டிக்கொள்வதன் காரணம் அதுதான்.

தூரத்திலிருந்து கிட்டத்துக்கு வாருங்கள். கடைசி முகட்டுக்கு எச்பியின் பக்கவாட்டால் தொட்டும் தொடாமலும், முன்மலைக்கு 6பி. ஒவ்வொரு மலையின் முகட்டு விளிம்பையும் அடர்த்தியாகத் தொடங்கிக் கீழே வர வர வெளுக்க விடுங்கள். பள்ளத்தாக்கில்தான் மூட்டம் தங்குகிறது, மலையின் அடிவாரம் கரைந்து அடுத்த மலையின் கறுத்த முகடு அதன்மேல் எழ வேண்டும். விரலால் தேய்க்காதீர்கள். தோலின் எண்ணெய் தாளில் இறங்கித் திட்டுத் திட்டாகக் கறுக்கும். டிஷ்யூ தாளைச் சுருட்டித் தேய்க்கலாம், அதுவும் தூரத்து மலைக்கு மட்டும். முன்மலையைத் தேய்த்தால் அதுவும் மூட்டத்துக்குள் போய்விடும்.

தெளிந்த நாளில் தூர மலை நீலமாகத் தெரிவது காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால். மூட்டத்தில் உள்ள நீர்த்திவலைகள் பெரியவை, எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும், ஆகவே வெண்மை. பின்னால் வண்ணத்துக்குப் போகும்போது இந்த வேறுபாடு உதவும்.

காட்சி நிற்காது என்பதால், போனவுடன் முதல் இரண்டு நிமிடத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு குறிப்புப்படம் போட்டு ஒவ்வொரு மலைமேலும் சாயலின் எண்ணை எழுதிவிடுங்கள். மூட்டம் மூடினாலும் எண் இருக்கும்.

தேயிலைத் தோட்டம் வரைந்தால் காலிஃபிளவர் வயல் மாதிரி இருக்கிறது.
வாசகர், கூடலூர்

ஒவ்வொரு செடியையும் உருண்டையாகப் போடுகிறீர்கள். கிள்ளிக் கிள்ளியும் கவாத்து செய்தும் (கிளைகளை வெட்டியும்) தேயிலைச் செடியின் தலை மேசைபோல் தட்டையாக்கப்பட்டிருக்கிறது, மலைச்சரிவுக்கு இணையாக. எனவே செடியை விட்டுவிட்டு இடைவெளியை வரையுங்கள். செடிகளுக்கு நடுவே நிழல் விழுந்த கறுத்த சந்துகள்தான் தோட்டத்தின் எலும்பு. அவை சரிவின் வளைவை ஒட்டி ஓடும், தூரம் போகப் போக நெருங்கி மெலிந்து, ஒரு கட்டத்தில் காணாமல் போகும். மேல்தளத்தை ஏறக்குறைய வெள்ளையாக விடுங்கள். இலை என்று எதையாவது வரைய ஆசைப்பட்டால் உங்கள் காலடியில் உள்ள இரண்டு மூன்று செடிகளில் மட்டும். நடுநடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் நேராக நிற்கட்டும், அவற்றின் நிமிர்வை வைத்துத்தான் சரிவு எவ்வளவு என்று கண் அளக்கும்.

வரைவதற்கு வடக்கு ஜன்னல்தான் நல்லது என்று புத்தகங்களில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அது உண்டு, ஆனால் மே மாதம் வெயில் உள்ளே விழுகிறதே?
வாசகர், உதகமண்டலம்

விழத்தான் செய்யும். அந்த விதி ஐரோப்பாவில் பிறந்தது, அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான். உதகை இருப்பது ஏறத்தாழ 11.4 டிகிரி வடக்கு. ஏப்ரல் 20 வாக்கில் சூரியன் உங்கள் உச்சியைக் கடந்து வடக்கே போய், ஆகஸ்ட் 22, 23 வாக்கில்தான் திரும்புகிறது. அந்த நான்கு மாதமும் தெற்கு ஜன்னலுக்கு மாறிவிடுங்கள், மற்ற எட்டு மாதத்துக்கு வடக்கு. மாற வசதியில்லை என்றால் ஜன்னலில் பட்டர் பேப்பர் ஒட்டலாம். வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் கையின் நிழல் பென்சில் முனைமேலேயே விழும்.

கரிக்கியூர் பாறை ஓவியங்களில் நிழலும் இல்லை, பெர்ஸ்பெக்டிவும் இல்லை. குறும்பர் பழங்குடியினரின் ஓவியங்களும் அப்படித்தான். இந்த விதிகள் இல்லாமல் ஓவியம் இல்லையா?
வாசகி, கீழ்க்கோத்தகிரி

உண்டு, உங்கள் ஊரே சாட்சி. நாம் மேலே சொன்னவை ஒரே இடத்தில் நின்று ஒரே கண்ணால் பார்த்ததைத் தாளில் இறக்கும் முறை, அவ்வளவே. குறும்பர் ஓவியர்கள் வேங்கைப் பிசின், இலைச்சாறு, மண், கரி இவற்றைக் கொண்டு தேன் எடுப்பதையும் ஆட்டத்தையும் சில கோடுகளிலேயே சொல்லிவிடுவார்கள். அதை ஆரம்பநிலை என்று நினைப்பது பெரும் பிழை. ஓடும் ஆளின் காலும் உடம்பும் எந்தச் சாய்வில் இருக்கின்றன என்று பார்த்து, ஒரு ஆளுக்கு ஏழு கோட்டுக்கு மேல் போகாமல் நீங்களும் வரைந்து பாருங்கள். விரைவு ஓவியத்துக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

சார்கோல் குச்சி (வரைவதற்கான மரக்கரிக் குச்சி) இங்கே கடைகளில் கிடைப்பதில்லை. வீட்டிலேயே செய்ய முடியுமா?
வாசகர், பண்ணைக்காடு

தாராளமாக. வெளிநாட்டில் வில்லோ மரக் குச்சியையும் திராட்சைக் கொடியையும் சுடுகிறார்கள். ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி ஓவியர்கள் துணியில் முதல் கோடு போடுவது புளியங்குச்சிக் கரியால். உங்களுக்கு இரண்டும் எட்டும் தூரம்தான்: கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் கவாத்து செய்து ஒதுக்கும் கொடிகள் கிடைக்கும், மலை இறங்கினால் புளிக்குப் பஞ்சமில்லை. காப்புக்காட்டில் குச்சி ஒடிக்காதீர்கள், அது குற்றம்.

பென்சில் பருமனில், கணு இல்லாத நேரான குச்சிகளைப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிப் பட்டையை உரியுங்கள். மூன்று வாரமாவது உலரட்டும். மலையில் ஈரம் அதிகம், அடுப்புக்கு மேலே பரணில் போட்டுவைப்பது நல்லது. ஈரம் மிஞ்சினால் சுடும்போது ஆவி பொங்கிக் குச்சி வெடித்துப் பிளக்கும். மூடி உள்ள தகர டப்பாவில் ஆடாமல் அசையாமல் நெருக்கி அடுக்கி, மூடியில் ஓர் ஆணித்துளை போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் பூச்சோ பெயின்டோ உள்ள டப்பா என்றால் முதலில் காலியாக ஒருமுறை நெருப்பில் சுட்டெடுங்கள், அந்தப் புகையைச் சுவாசிக்காதீர்கள். வேலை முழுவதும் வெளியில், திறந்த இடத்தில்தான்.

விறகு நெருப்பின் நடுவே டப்பாவை வையுங்கள். துளை வழியே முதலில் வெள்ளைப் புகை, அது நீராவி. பிறகு மஞ்சளான புகை வரும், அது தீப்பிடித்துத் துளையில் சிறு சுடராகவும் எரியலாம். புகை முற்றிலும் நின்றபின் டப்பாவை எடுத்து, துளையை ஈரக் களிமண்ணால் அடைத்து, ராத்திரி முழுவதும் அப்படியே விடுங்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் குச்சிகள் தணலாகி, கண்ணெதிரே சாம்பலாகிவிடும். மறுநாள் ஒன்றை எடுத்துத் தாளில் இழுத்துப் பாருங்கள். பழுப்புக் கோடாக வந்து கீறினால் இன்னும் வேகவில்லை, மறுபடி அடுக்கிச் சுடலாம். தொட்டவுடன் பொடியாக உதிர்ந்தால் வெந்தது மிஞ்சிவிட்டது, அடுத்த முறை புகை நின்றதும் தாமதிக்காமல் எடுங்கள். சரியாக வெந்த குச்சியை உடைத்தால் கண்ணாடி வளையல் போல ஒரு ஓசை கேட்கும்.